கொரியன், ஜாப்பனீஸ் ஆளுங்க கலந்திருக்குற இங்கிலீஷ் கிளாஸுக்கு லெசன் பிளான் போடுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர் மாதிரி ஊர்ல லாங்குவேஜ் ஸ்கூல்ல பெரியவங்களுக்கு இங்கிலீஷ் எடுக்குறவங்களுக்காக எழுதுறேன். கம்பெனி டிரான்ஸ்ஃபர்ல வந்தவங்க, அவங்க வீட்டுக்காரம்மாக்கள், வேலைக்கு முன்னாடி கொஞ்ச நாள் படிச்சிட்டு போலாம்னு வந்த பசங்கன்னு ஒரு கிளாஸ்ல எட்டு பத்து பேர் இருப்பாங்க, பாதி பேர் கொரியா பாதி பேர் ஜப்பான். லெவல் நடுத்தரம். சின்ன பசங்க கிளாஸுக்கு இது பொருந்தாது, அது வேற வேலை.

புதுசா வர்ற டீச்சர்ஸ் ரெண்டு விதமா தடுமாறுறதை பாத்திருக்கேன். ஒண்ணு, ரெண்டு நாட்டுக்காரங்களையும் ஒரே மாதிரின்னு நெனச்சு எல்லாத்தையும் ஒண்ணா நடத்துறது. இன்னொண்ணு, முழுக்க வேற வேறன்னு நெனச்சு ரெண்டு கிளாஸ் மாதிரி பிரிச்சுடுறது. எதை சேர்த்து நடத்தணும் எதை பிரிச்சு நடத்தணும்னு முடிவு பண்ணிட்டாலே பாதி பிளான் ரெடி. கிராமர் சேர்த்து, உச்சரிப்பு பிரிச்சு, பேச வைக்குறது கலந்து. கீழ இருக்குறது எல்லாம் இதோட விவரம்தான்.

1. முதல் கிளாஸுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

டோயிக் (வேலைக்குக் காட்டுற இங்கிலீஷ் பரீட்சை) ஸ்கோரை மட்டும் வெச்சு லெவல் பிரிக்காதீங்க. ரெண்டு நாட்டுலயும் வேலைக்கு அப்ளை பண்ண அந்த ஸ்கோர் கேக்குறாங்க, அதனால எல்லார்கிட்டயும் ஒரு நம்பர் இருக்கும். ஆனா 990க்கு போடுற அந்த வழக்கமான டெஸ்ட்ல இருக்குறது லிசனிங்கும் ரீடிங்கும் மட்டும்தான், வாயைத் திறக்கவே வேண்டாம். 800 வாங்கினவர் கிளினிக்குக்கு போன் பண்ணி அப்பாயிண்ட்மெண்ட் மாத்த சொன்னா திணறுவார், 500 வாங்கினவங்க மார்க்கெட்ல பேரம் பேசிட்டு வருவாங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசிப் பாருங்க, அரைப் பக்கம் எழுத சொல்லுங்க, அது போதும்.

அவங்க எப்படிப் படிச்சு வந்தாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். கொரியாவுல 1997ல இருந்து மூணாம் கிளாஸ்லயே இங்கிலீஷ் ஆரம்பம். ஜப்பான்ல தொடக்கப்பள்ளி அஞ்சாம் ஆறாம் கிளாஸுக்கு அது முழு பாடமா ஆனது 2020லதான், உங்க கிளாஸ்ல உக்காந்திருக்குற முப்பது வயசுக்கு மேற்பட்ட ஜப்பான்காரங்க பெரும்பாலும் பன்னெண்டு பதிமூணு வயசுல ஆரம்பிச்சவங்க. கொரியாவுல காலேஜ் சேர எழுதுற சுநுங் பரீட்சையில இங்கிலீஷுக்கு 70 நிமிஷத்துல 45 கேள்வி, அதுல 17 லிசனிங், அந்த லிசனிங் நடக்குற நேரத்துல நாட்டுல விமானமே ஏறாது இறங்காது, அவ்வளவு சீரியஸ். இப்படி வந்தவங்களுக்கு பிரெசண்ட் பெர்ஃபெக்ட்னா என்னன்னு மறுபடி போர்டுல எழுதி விளக்குனா கிளாஸ் செத்துப்போகும். ரூல் அவங்களுக்கு உங்களைவிட நல்லா தெரியும், வாய்க்கு வரலன்றதுதான் பிரச்சனை.

மூணாவது, போன வாரம் எந்த எடத்துல பேச முடியாம மாட்டிக்கிட்டீங்கன்னு ஒரு கேள்வி. சின்ன பேப்பர்ல எழுதி வாங்குங்க, கையைத் தூக்கி சொல்ல சொல்லாதீங்க. பிள்ளையோட ஸ்கூல் டீச்சர், வீட்டு ஏஜெண்ட், பாலிகிளினிக் கவுண்டர், டாக்ஸி டிரைவர்னு வரும். இதுதான் உங்க சிலபஸ், புக் இல்ல.

கடைசியா காலண்டர். ஜப்பான் கம்பெனிகள்ல ஆள் மாத்துறது ஏப்ரல் 1ஐ ஒட்டி நிறைய நடக்கும், கொரியாவுல பள்ளி வருஷம் மார்ச்ல ஆரம்பிக்கும், அதனால பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும் கிளாஸ் ஆளு மாறிக்கிட்டே இருக்கும். அந்த மாசங்கள்ல நாலு வாரத் தொடர் பாடம் போடாதீங்க, ஒவ்வொரு கிளாஸும் தனியா முடியுற மாதிரி வைங்க.

2. பிளானை கடைசியில இருந்து ஆரம்பிங்க

90 நிமிஷ கிளாஸ்னா கடைசி 25 நிமிஷம் என்ன பேசப்போறாங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. உதாரணத்துக்கு, ஏர்கான்ல தண்ணி ஒழுகுது, ஏஜெண்டுக்கு போன் பண்ணணும். அந்தப் பேச்சை நீங்களே ரெண்டு பேர் மாதிரி சத்தமா பேசிப் பாருங்க, முடிஞ்சா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. எப்பலேர்ந்து ஒழுகுது, எந்த ரூம், எப்ப ஆள் அனுப்புவீங்க, காசு யார் கட்டுறது, இதுக்கு என்னென்ன வாக்கியம் வேணும்னு அதுலயே தெரிஞ்சிடும்.

அப்புறம் பின்னாடி போங்க: அந்த வாக்கியங்களுக்கு எந்த கிராமர், அதுல எந்த சத்தம் தகராறு பண்ணும், இதெல்லாம் ஞாபகம் வர வைக்க என்ன வார்ம்அப். இந்த வரிசை ஏன் முக்கியம்னா, முன்னாடியிலிருந்து பிளான் பண்றவங்க வார்ம்அப்புக்கும் விளக்கத்துக்கும் நேரத்தைக் கொட்டிட்டு பேச வைக்குற எடத்துல பத்து நிமிஷத்தோட நிப்பாங்க. இவங்களுக்கு இல்லாததே பேசுற நேரம்தான், அதைப் போய் வெட்டினா எப்படி.

3. கிராமர்: ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பிளான் போதும்

இங்க தமிழ் தெரிஞ்ச டீச்சருக்கு ஒரு லாபம் இருக்கு. கொரியன், ஜாப்பனீஸ் ரெண்டுலயும் வினைச்சொல் கடைசியில வரும், ‘இன்’, ‘ஆன்’ மாதிரி முன்னிடைச்சொல் கெடையாது பின்னாடி ஒட்டுதான், ஏ, தி எல்லாம் இல்ல, ‘நேத்து வாங்கின புக்’ மாதிரி விவரம் முழுக்க பெயருக்கு முன்னாடி வந்துடும். அப்படியே நம்ம ஊர் கட்டு. அதனால ஒரு வாக்கியம் அவங்களுக்கு எங்க ஒடையும்னு தெரியணும்னா அதை தமிழ்ல சொல்லிப் பாருங்க, தமிழ்ல எதெல்லாம் விட்டுட்டு பேசுறோமோ அதைத்தான் அவங்களும் விடுவாங்க.

ரெண்டு பேருக்கும் பொதுவா வர்ற தப்புகள்ல நான் மொதல் மாசத்துலயே எடுத்துடுறது இது:

எதிர்மறைக் கேள்விக்கு பதில். ‘நீ காஃபி குடிக்க மாட்டியா’ன்னு இங்கிலீஷ்ல கேட்டா, குடிக்காதவங்க ‘யெஸ்’னு சொல்வாங்க, ‘ஆமா, மாட்டேன்’ன்ற அர்த்தத்துல. நாமளும் அப்படித்தான் சொல்வோம். இது சின்ன விஷயமில்ல, டாக்டர் ‘உங்களுக்கு அலர்ஜி எதுவும் இல்லையே’ன்னு கேக்குறப்போ தப்பா போனா வம்பு. இதுக்கு ரூல் சொல்றதுல பிரயோஜனம் இல்ல. நோன்னு சொல்லி அதுக்கு மேல ஒரு முழு வாக்கியம் சேர்க்க வைங்க, ‘நோ, ஐ டோண்ட்’ ஒரே மூச்சுல வர்ற வரைக்கும், வாரா வாரம் ரெண்டு நிமிஷம்.

‘ஐ ஆம் காஃபி.’ ஹோட்டல்ல ஆர்டர் பண்றப்போ ரெண்டு நாட்டுக்காரங்க வாயிலயும் வரும். அவங்க மொழியில ‘நான்னா, காஃபி’ன்னு பேச்சோட பொருளை முன்னாடி வெச்சு சொல்ற வழக்கம், அது அப்படியே எழுவாயா மாறிடுது. யாரு, என்ன செஞ்சாங்கன்னு வினைச்சொல்லைத் தேட வைக்குற பயிற்சி குடுங்க.

‘நேத்து ஃப்ரெண்ட்ஸோட ப்ளே பண்ணேன்’னு நாப்பது வயசு ஆளு சொல்வார். பெரியவங்க வெளிய சுத்துறதுக்கும் சின்ன பசங்க விளையாடுறதுக்கும் ரெண்டு மொழியிலயும் ஒரே வினை இருக்கு. ‘ஹாங் அவுட்’, ‘மீட்’னு மாத்திக் குடுத்தா ஒரே நாள்ல சரியாகும்.

பெரிய எண்ணுங்க. நமக்கு லட்சம் இருக்குற மாதிரி அவங்களுக்கு பத்தாயிரம் ஒரு அலகு, ரெண்டு மொழியிலயும் அதுக்கு ‘மன்’னுதான் பேர். ஒரு லட்சம்னா பத்து மன், பத்து லட்சம்னா நூறு மன். அதனால மில்லியன்னு வந்தா மனசுக்குள்ள கணக்கு போட்டு சைபரை விட்டுடுவாங்க. வாடகை, சம்பளம், ஊர் மக்கள்தொகைன்னு நம்பர் எழுதின கார்டு பத்து, அதைப் பாத்து டக்குனு படிக்கணும். வோனும் யென்னும் பெரிய எண்ணுல புழங்குறதால இது அவங்களுக்கு தினசரி தேவை.

ஆர்ட்டிக்கிளை மட்டும் தனிப் பாடமா எடுக்காதீங்க. வருஷக்கணக்குல அவங்க அதைப் படிச்சாச்சு, பேசுறப்போ விட்டுப்போகும், அர்த்தம் கெடாத வரைக்கும் விடுங்க.

4. உச்சரிப்பு: இங்க பிரிச்சே ஆகணும்

பொதுவான பிரச்சனை மொதல்ல. ரெண்டு மொழியிலயும் மெய்யெழுத்து கொத்தா வந்தா நடுவுல உயிரெழுத்து சேர்த்துடுவாங்க. ‘ஸ்ட்ரைக்’ இங்கிலீஷ்ல ஒரே அசை, ஜாப்பனீஸ்ல ‘சு-தோ-ரா-இ-கு’, கொரியன்லயும் அஞ்சு அசை. கையைத் தட்டி எண்ண வைங்க, ஒரு வார்த்தைக்கு ஒரே தட்டு. மெக்டொனால்ட் பேரை ரெண்டு பக்கமும் அவங்கவங்க மொழியில சொல்ல சொல்லுங்க, ஜப்பான் பக்கம் ‘மகுதோனருதோ’ன்னு நீளமா போகும், கொரியா பக்கம் ‘மேக்தொனல்து’ன்னு நிக்கும், கிளாஸே சிரிக்கும், அசைன்னா என்னன்னு விளக்கவே வேண்டாம். ‘சீ’யும் ‘ஷீ’யும் ஒண்ணா வர்றது, ‘வெரி’ ‘பெரி’ ஆகுறது, நாக்கை பல்லுக்கு நடுவுல வைக்க வேண்டிய ‘திங்க்’ ‘சிங்க்’ ஆகுறது, ஆர் எல் குழப்பம், இதெல்லாமும் ரெண்டு பேருக்கும் பொது.

கொரியா பக்கம் மட்டும்: ‘ஃப’ வராது, ‘ஃபைல்’ ‘பைல்’ ஆகும். இஸட் சத்தம் ‘ஜ’ ஆகும், ‘ஜீரோ’ன்னுதான் வரும். பேனா பென்னும் வாணலி பேனும் ஒரே உயிர். அப்புறம் வார்த்தை சேருற எடத்துல மூக்கொலி, ‘குட் மார்னிங்’ ‘குன் மார்னிங்’ ஆகும், அது அவங்க மொழியோட சேர்க்கை விதி, அவங்க காதுக்கே தெரியாது.

ஜப்பான் பக்கம் மட்டும்: தொப்பி ‘ஹேட்’, குடிசை ‘ஹட்’ ரெண்டும் ஒண்ணு, ஏன்னா அவங்களுக்கு உயிர் அஞ்சுதான். ‘ஃப’ வருது ஆனா பல் உதட்டைத் தொடாம ரெண்டு உதட்டுக்கு நடுவுல ஊதுவாங்க, அதனால ‘ஃபுட்’ பாதி ‘ஹூட்’ மாதிரி கேக்கும்.

பிளான்ல இதுக்கு பத்து நிமிஷம். கொரியாக்காரங்களை ஒரு மூலையில, ஜப்பான்காரங்களை ஒரு மூலையில உக்கார வெச்சு அவங்கவங்க ஜோடி வார்த்தையைக் குடுங்க. மொதல்ல கேட்டு கண்டுபிடிக்கணும், அப்புறம்தான் சொல்லணும், காதுல பிரியாதது வாயில பிரியாது. கடைசி மூணு நிமிஷம் கலந்து உக்காந்து, ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் எந்த வார்த்தைன்னு கை காட்டணும். இந்தக் கடைசி மூணு நிமிஷத்தை விட்டுடாதீங்க. ஒரே நாட்டுக்காரங்களுக்குள்ள தப்பா சொன்னாலும் புரிஞ்சிடும், அடுத்த நாட்டுக்காரர் கையை தப்பான படத்துல வைக்குறப்போதான் அடடா இது புரியலையான்னு உறைக்கும்.

ஒரு சைடு குறிப்பு: நம்ம ஆளுங்கள்லயும் ‘ஃபோன்’, ‘ஃபேன்’, ‘ஸூ’வை ‘போன்’, ‘பேன்’, ‘ஜூ’ன்னு சொல்றவங்க இருக்கோம். கிளாஸுக்கு முன்னாடி உங்க குரலை ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க.

5. பேரு, வயசு, உக்கார்ற எடம்

முதல் கிளாஸ்லயே எல்லாரும் எப்படி கூப்பிடணும்னு கார்டு எழுதி முன்னாடி வெச்சுடணும். கொரியாக்காரங்க நிறைய பேர் இங்கிலீஷ் பேர் ஒண்ணு வெச்சிருப்பாங்க, ஜப்பான்காரங்க பெரும்பாலும் குடும்பப் பேரோட மரியாதைக்கு ‘சான்’ போட்டு பழகினவங்க. முடிவு பண்ணாம விட்டா மூணு வாரம் கழிச்சும் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லாமயே பேசிட்டிருப்பாங்க. கார்டுல சிவப்பு பேனா மட்டும் வேண்டாம், உயிரோட இருக்குறவங்க பேரை சிவப்புல எழுதுறது கொரியாவுல அபசகுனம்.

கொரியாக்காரங்க சந்திச்ச உடனே வயசு கேப்பாங்க. மரியாதை இல்லாம இல்ல, வயசு தெரிஞ்சாதான் எந்த மரியாதை நடையில பேசணும், அக்காவா தங்கச்சியான்னு அவங்களுக்கு தெரியும். ஜப்பான் பக்கம் ஒரு அம்மாவுக்கு அது சங்கடமா இருக்கலாம். 2023 ஜூன்ல இருந்து கொரியாவுல சட்டப்படி வயசை மத்த நாடு மாதிரியே எண்ணுறாங்க, அதுக்காக கேக்குற பழக்கம் போயிடல. ‘எந்தக் கேள்வியை முதல் சந்திப்புல கேக்கலாம்’னு அதையே ஒரு டாபிக்கா எடுத்துட்டா யார் மனசும் நோகாம விஷயம் வெளிய வந்துடும்.

ஜோடி சேர்க்குறதுல வரிசை இதுதான்: யோசிக்கவும் தயாராகவும் ஒரே மொழிக்காரங்க, பேசுறப்போ வேற மொழிக்காரங்க. தயாராகுற அஞ்சு நிமிஷம் தாய்மொழி பேசிக்கட்டும், தடை போடாதீங்க. ‘இங்கிலீஷ் மட்டும்’னு போர்டு மாட்டுனா எல்லாரும் அமைதியாயிடுவாங்க. கலந்த ஜோடியில உக்காந்துட்டா இங்கிலீஷைத் தவிர வேற வழியே இல்ல, நீங்க போலீஸ் வேலை பாக்க வேண்டியதில்ல. பபாகோ மாதிரி மொழிபெயர்ப்பு ஆப் எல்லாம் தயாராகுற நேரத்துல ஓகே, பேசுற நேரத்துல போன் கவுத்து வைக்கணும்.

அமைதிக்கும் பிளான்ல எடம் வைங்க. கேள்வி கேட்டு மூணு செகண்ட்ல பதில் வரலன்னு டீச்சரே பதில் சொல்றதுதான் புதுசா வர்றவங்க அதிகம் பண்ற தப்பு. ஒரு நிமிஷம் எழுதட்டும், அப்புறம் பக்கத்துல இருக்குறவங்ககிட்ட சொல்லட்டும், அப்புறம் கிளாஸுக்கு. இன்னொண்ணு, ஜப்பான்காரங்க நீங்க பேசப் பேச தலையாட்டுவாங்க, ‘கேட்டுட்டிருக்கேன்’னுதான் அதுக்கு அர்த்தம், புரிஞ்சுதுன்னு எடுத்துக்காதீங்க. ‘புரியுதா’ன்னு கேட்டா ரெண்டு பக்கமும் ‘யெஸ்’தான். ‘இப்ப நீங்க ஏஜெண்டா, வாடகைக்காரரா?’ன்னு கேளுங்க, உண்மை தெரியும்.

6. டாபிக் எடுக்குறது

ரெண்டு நாட்டுக்கும் நடுவுல 1910ல இருந்து 1945 வரைக்கும் ஜப்பான் கொரியாவை ஆண்ட வரலாறு இருக்கு, சண்டையில இருக்குற தீவு இருக்கு, நடுவுல இருக்குற கடலுக்கு பேர் என்னன்றதுலயே தகராறு இருக்கு. இதையெல்லாம் டிபேட் டாபிக்கா போட்டு ‘சூடு பறக்கட்டும்’னு நெனைக்குற டீச்சர் உண்டு. நடுத்தர லெவல்ல சொந்த மொழியிலயே சொல்ல கஷ்டமான விஷயத்தை இங்கிலீஷ்ல சொல்ல வெச்சா சொல் கிடைக்காம காயம்தான் மிஞ்சும். மறைமுகமா உள்ள வர்றதையும் பாருங்க: செவுத்துல இருக்குற உலக மேப்புல கடலோட பேர், ஜப்பான் ராணுவக் கொடியை ஞாபகப்படுத்துற உதயசூரியன் கதிர் படம் போட்ட ஒர்க்ஷீட் டிசைன், ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வர்ற கிளாஸ். அந்த நாள் ஒருத்தருக்கு விடுதலை நாள், இன்னொருத்தருக்கு போர் முடிஞ்ச நாள். யாராவது அவங்களா பேச்சை எடுத்தா வாயை அடைக்க வேண்டாம், கேட்டுட்டு நகருங்க.

நல்லா ஓடுறது எதுன்னா, ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு ஆனா கொஞ்சம் வேற. சோத்துக் கிண்ணத்தை ஜப்பான்ல கையில தூக்கி சாப்பிடணும், கொரியாவுல மேசையில வெச்சு ஸ்பூன்ல சாப்பிடணும், ஒருத்தருக்கு மரியாதை இன்னொருத்தருக்கு மரியாதைக்குறைவு. இதை வெச்சு முக்கால் மணி நேரம் பேசுவாங்க, நீங்க ஒண்ணும் தூண்ட வேண்டாம். பொதுக் குளியல், ஸ்கூல் சாப்பாடு, கல்யாண மொய், கொரியா பசங்களோட ராணுவ சேவை, ஜப்பான் காலேஜ் பசங்க வேலை தேடுற சீசன், எல்லாம் இந்த வகை.

இரவல் இங்கிலீஷ் வார்த்தைங்களும் தங்கச் சுரங்கம். ரெண்டு மொழியிலயும் ‘சர்வீஸ்’னா கடையில இலவசமா குடுக்குறது, ‘கன்னிங்’னா பரீட்சையில காப்பி அடிக்குறது, ‘கன்சென்ட்’னா செவுத்துல இருக்குற பிளக் பாயிண்ட், ‘ஒன்பீஸ்’னா கவுன். ஜப்பான்ல ‘மேன்ஷன்’னா அபார்ட்மெண்ட், கொரியாவுல மட்டும் ‘ஹெல்த்’னா ஜிம். வெளிநாட்டு ஹோட்டல்ல ‘கன்சென்ட் எங்க இருக்கு’ன்னு கேட்டா சம்மதம் எங்கன்னு கேட்ட மாதிரி ஆகும்னு ஒரு தடவை சொன்னா போதும், மிச்சத்தை அவங்களே பட்டியல் போடுவாங்க.

7. திருத்துற முறை

டிக் போடாதீங்க. ஜப்பான்ல சரின்னா வட்டம், டிக் போட்டா தப்புன்னு அர்த்தம் எடுத்துக்குவாங்க, கொரியாவுலயும் சரிக்கு வட்டம்தான், தப்புக்கு கோடு கிழிப்பாங்க. பேப்பர் முழுக்க டிக் வாங்கின ஸ்டூடண்ட் எல்லாமே தப்பு போலன்னு மூஞ்சி வாடி உக்காந்திருப்பாங்க. வட்டத்துக்கு மாறிடுங்க.

பேசுறப்போ நடுவுல குறுக்க போகாதீங்க. சுத்தி வந்து காதுல விழுற வாக்கியத்தை நோட்ல எழுதிட்டு, முடிஞ்சப்புறம் ஆறு ஏழு வாக்கியத்தை பேர் போடாம போர்டுல எழுதுங்க, ரெண்டு மூணு சரியான வாக்கியமும் கலந்து. ஜோடியா திருத்தட்டும். எல்லார் முன்னாடியும் ஒரு ஆளைத் திருத்துனா, அதுவும் வயசுல சின்னவங்க பாத்திட்டிருக்கப்போ, அடுத்த கிளாஸ்ல அவங்க பேசவே மாட்டாங்க.

8. 90 நிமிஷ மாதிரி: ஏர்கான் ஒழுகுது

மொதல் 10 நிமிஷம், வீட்டுல கெட்டுப்போன சாமான் பத்தி கலந்த ஜோடியில பேச்சு, எதிர்மறைக் கேள்வி ரெண்டு நிமிஷம் இதுலயே அடங்கும். அடுத்த 15, ரெக்கார்ட் பண்ணின போன் பேச்சைக் கேட்டு எப்ப, எங்க, யாருன்னு குறிப்பு. 15 நிமிஷம் வாக்கியம்: ‘சின்ஸ்’, ‘ஃபார்’, ‘குட் யூ’, ரூல் வேண்டாம், கார்டு வெச்சு வாய்க்கு. 10 நிமிஷம் பிரிச்ச உச்சரிப்பு, கொரியா பக்கத்துக்கு ‘ஃபிக்ஸ்’, ஜப்பான் பக்கத்துக்கு ‘ஃபேன்’ ‘ஃபன்’. 5 நிமிஷம் ஒரே மொழி ஜோடியில தயாரிப்பு. 25 நிமிஷம் போன் பேச்சு, முதுகுக்கு முதுகு உக்காந்து, ஏஜெண்ட் பக்கத்துக்கு ‘இந்த வாரம் ஆள் இல்ல’ன்னு ரகசியக் கார்டு, ஆளை மாத்தி ரெண்டு தடவை. கடைசி 10 நிமிஷம் போர்டுல திருத்தம்.

நேரம் பத்தலன்னா வாக்கியப் பயிற்சியில வெட்டுங்க, 25 நிமிஷத்துல கை வைக்காதீங்க. ரெண்டாவது தடவை பேசுறப்போதான் நாக்கு தளரும்.

9. எண்ணிக்கை சரிஞ்சு போனா

ஏழு கொரியன், ஒரு ஜாப்பனீஸ்னு ஒரு சீசன்ல ஆகும், அடுத்த சீசன்ல நேர்மாறா. அந்த ஒத்தை ஆளை ‘ஜப்பான்ல எப்படி?’ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டு நாட்டோட தூதராக்கிடாதீங்க, ரெண்டாவது வாரமே களைச்சிடுவாங்க. நாட்டை ஒப்பிடுற டாபிக்கை நிறுத்திட்டு ஆளை ஒப்பிடுற டாபிக் வைங்க: காலையில எந்திரிக்குற நேரம், சமையல், செலவு.

தயாரிப்பு நேரத்துல அவங்களுக்கு தாய்மொழி ஜோடி இருக்காது, அந்த அஞ்சு நிமிஷம் நீங்க போய் பக்கத்துல உக்காருங்க. பேசுற நேரத்துல மூணு பேர் குழு போட்டா மத்த ரெண்டு பேரும் தங்களோட மொழிக்கு நழுவிடுவாங்க, அதனால அந்த ஒத்தை ஆளை எப்பவும் ஜோடியிலயே வைங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஆளை மாத்துங்க. மிச்சம் ஆறு பேர் ஒரே மொழியிலதான் இருப்பாங்க, அங்க முதுகுக்கு முதுகு போன் பேச்சும் ரகசியக் கார்டும் குடுத்தா கார்டு இங்கிலீஷ்லயே இருக்குறதால பேச்சும் இங்கிலீஷ்ல ஓடும். உச்சரிப்பு பத்து நிமிஷத்துல மட்டும் அந்த ஒருத்தருக்கு தனியா ஒரு ஆடியோ ஃபைலும் ஹெட்போனும் குடுத்துடுங்க, கடைசி மூணு நிமிஷம் அவங்கதான் கை காட்டுறவங்க.